பாவனை நோயாளிக்குத் தமிழ் தெரியுமா?

‘ஓ.டி. படிக்கிறேன்’ என்று நான் வீட்டில் சொன்னபோது என் மாமா கேட்ட முதல் கேள்வி, “ஓவர்டைமுக்கெல்லாமா பல்கலைக்கழகத்துல பாடம் வச்சிருக்காங்க?” என்பதுதான். தொழிற்சாலையில் முப்பது ஆண்டு உழைத்தவருக்கு ஓ.டி. என்றால் வேறென்ன தோன்றும்? மருத்துவமனையில் சொன்னாலோ அறுவை சிகிச்சைக் கூடம் என்று நினைத்துக்கொள்வார்கள். சரி, தமிழிலேயே சொல்வோம் என்று ‘தொழில்வழிச் சிகிச்சை’ என்று சொல்லிப் பார்த்தேன். கை ஒடிந்து வந்திருந்த லாரி ஓட்டுநர் ஒருவர், “அப்படின்னா எனக்கு வேற வேலை வாங்கிக் கொடுப்பீங்களா தங்கச்சி?” என்று நம்பிக்கையோடு கேட்டார். மலாயில் ‘பெமுலிஹான் சாரா கெர்ஜா’ என்பார்கள். அங்கும் வேலை என்னும் சொல் வந்து உட்கார்ந்துகொண்டு இதே குழப்பத்தைத்தான் உண்டாக்குகிறது.

ஆகவே முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கவாதம், சாலை விபத்து, இனிப்பு நீர் முற்றிக் காலை எடுத்த நிலை, பிறவிக் குறைபாடு, மனநோய் என எதனாலோ அன்றாட வாழ்க்கை தடைப்பட்டவர்களை மறுபடியும் உண்ணவும் குளிக்கவும் உடுத்தவும் சமைக்கவும் வேலைக்குப் போகவும் வைப்பது எங்கள் பணி. இயன்முறை சிகிச்சையாளர் தசையையும் மூட்டையும் நடையையும் பெரும்பாலும் கவனிப்பார். அவர் பலப்படுத்திய கையைக் கொண்டு அந்த அம்மாவால் தோசை திருப்ப முடிகிறதா என்று நாங்கள் பார்ப்போம். முடியாவிட்டால் கரண்டியை மாற்றுவோம், அடுப்பின் உயரத்தை மாற்றுவோம், அல்லது தோசை சுடும் முறையையே மாற்றுவோம்.

இப்படிப்பட்ட ஒரு பணிக்கு மாணவரை எப்படித் தயார் செய்வது? அதைப் பற்றித்தான் இந்த ஆண்டிதழில் எழுத விழைகிறேன். மருத்துவத் துறைக் கட்டுரை நமது கழக இதழில் எதற்கு என்று எண்ணுவோர் சற்றுப் பொறுத்திருந்து படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இது கடைசியில் தமிழில்தான் வந்து நிற்கும்.

உலகத் தொழில்வழிச் சிகிச்சையாளர் கூட்டமைப்பு வகுத்துள்ள குறைந்தபட்சத் தரத்தின்படி, இத்துறை மாணவர் ஒருவர் பட்டம் பெறுவதற்குள் குறைந்தது 1,000 மணி நேரம் களப்பயிற்சி பெற்றிருக்க வேண்டும். மாணவர் எண்ணிக்கை கூடக்கூட, அவர்களை அருகில் வைத்துச் சொல்லிக்கொடுக்கும் மூத்த சிகிச்சையாளர்களுக்கும் மருத்துவமனை இடங்களுக்கும் நெருக்கடி ஏற்படுகிறது. அதோடு, தவறு செய்து பழகுவதற்கு உயிருள்ள நோயாளியைப் பயன்படுத்துவது நியாயமா என்னும் கேள்வியும் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் விடையாக வந்ததுதான் பாவனைப் பயிற்சி. விமானிகள் இதில் நமக்கு முன்னோடிகள். எட்வின் லிங்க் என்னும் அமெரிக்கர் 1929ஆம் ஆண்டிலேயே தரையை விட்டு எழும்பாத பயிற்சி விமானத்தைச் செய்துவிட்டார். மருத்துவக் கல்வியில் 1963ஆம் ஆண்டு ஹோவர்ட் பெரோஸ் என்னும் நரம்பியல் மருத்துவர், நோயே இல்லாத ஒரு பெண்ணுக்கு நோயாளியாக நடிக்கப் பயிற்சி கொடுத்து, மாணவர்களை அவரிடம் அனுப்பினார். ஏளனம் செய்தோரும் உண்டு. இன்று பாவனை நோயாளி இல்லாத மருத்துவக் கல்லூரியைக் காண்பது அரிது.

எங்கள் துறையில் இதற்குக் கிடைத்த வலுவான சான்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அங்கு ஆறு பல்கலைக்கழகங்களின் தொழில்வழிச் சிகிச்சை மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தனர். ஒரு பிரிவினர் 40 மணி நேரம் உண்மையான களத்திற்குச் சென்றனர். மற்றப் பிரிவினர் அதே 40 மணி நேரத்தைப் பாவனைச் சிகிச்சையகத்தில், பயிற்சி பெற்ற நடிகர்களோடு கழித்தனர். பின்னர் நடந்த மதிப்பீடுகளில் இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 2018ஆம் ஆண்டு இம்முடிவு வெளிவந்தது. பாவனைப் பயிற்சி வெறும் விளையாட்டு என்போருக்கு இது தக்க பதில்தான். ஆனாலும் 40 மணி நேரத்தில் கண்ட முடிவை 1,000 மணி நேரத்திற்கு நீட்டிப் பேசுவது நேர்மையாகாது. இதைக் காரணம் காட்டிக் களப்பயிற்சியை வெட்ட நினைப்போரின் பக்கம் நான் இல்லை.

நான் படித்த இடத்திலும் பாவனைப் பயிற்சி இருந்தது. ஆய்வுக்கூடத்தின் ஒரு மூலையில் கட்டில், சமையலறை மேடை, கைப்பிடி பொருத்திய கழிவறை என ஒரு சிறு வீட்டையே அமைத்திருந்தார்கள். ஒரு கையை உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு சட்டைப் பொத்தானைப் போடுவோம். தடித்த கையுறை மாட்டிக்கொண்டு காசு எண்ணுவோம். ஒரு நாள் முழுக்கச் சக்கர நாற்காலியில் வளாகத்தைச் சுற்றிவர வேண்டும். சிற்றுண்டிச்சாலைக்குப் போகும் வழியில் இருந்த கால்வாய் மூடியில் என் சக்கரம் மாட்டிக்கொண்டதும், இரண்டு பொறியியல் மாணவர்கள் என்னைத் தூக்கிவிட்டதும், நான் வெட்கத்தில் எழுந்து நடந்தே போய்விட்டதும் நினைவிருக்கிறது. எழுந்து நடக்க முடிந்தது, அதுதான் அந்தப் பயிற்சியின் ஓட்டை. அன்று மாலை எழுதிய அறிக்கையில் ‘இவர்கள் எவ்வளவு பாவம் என்று உணர்ந்தேன்’ என்று எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். பல ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் வாழும் ஒருவர், எந்தக் கால்வாயை எப்படித் தாண்டுவது, யாரிடம் எப்படி உதவி கேட்பது என்பதில் கைதேர்ந்தவர். முதல்நாள் தடுமாற்றத்தை மட்டும் அனுபவித்துவிட்டு அவர் வாழ்க்கையே தடுமாற்றம் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். மாற்றுத்திறனாளிகள் பலர் இவ்வகைப் பயிற்சியை எதிர்ப்பதில் நியாயம் உண்டு. நாற்காலியில் வாழும் ஒருவரே முன்னின்று நடத்தினால் அதை வைத்துக்கொள்ளலாம். இல்லையேல் விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

நோயாளி வேடம் போடுவோர் எங்கள் வகுப்புத் தோழர்களே. விரிவுரையாளர் ஒரு தாளைக் கொடுப்பார். அதில் பெயர், வயது, நோய், வீட்டு நிலை எல்லாம் எழுதியிருக்கும். இரண்டு நிமிடத்தில் படித்துவிட்டுக் கட்டிலில் படுத்துக்கொள்வார்கள். கேட்டதற்கெல்லாம் தாளில் உள்ளபடி பளிச்சென்று பதில் வரும். ‘பொத்தான் போட முடியுமா?’ ‘முடியாது.’ ‘கழிவறைக்குத் தனியாகப் போவீர்களா?’ ‘ஒருவர் உதவி வேண்டும்.’ மொழி ஆங்கிலம், அல்லது மலாய். தாள்களில் வந்தவர்கள் மிஸ்டர் டான், புவான் அமினா ஆகியோர். ஒரே ஒரு ராஜுவும் இருந்தார். அவருக்குக் குடிப்பழக்கம். நான்கு ஆண்டுகளில் குடிக்காத தமிழ் நோயாளி ஒருவரைக்கூட எங்கள் ஆய்வுக்கூடம் பார்க்கவில்லை. அப்போது சிரித்துவிட்டுப் போய்விட்டோம்.

மூன்றாம் ஆண்டில் முதன்முறையாக அரசாங்க மருத்துவமனை ஒன்றில் களப்பயிற்சி. எனக்குக் கிடைத்த முதல் நோயாளி தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற ஒரு பாட்டி. பக்கவாதம், இடப்பக்கம். தமிழைத் தவிர வேறு மொழியில் அவரால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச இயலாது. “உனக்குத்தான் தமிழ் தெரியுமே, நீயே போ” என்று என்னை அனுப்பினார்கள். எனக்கும் பெருமைதான். தமிழ்ப்பள்ளியில் படித்தவள், எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எடுத்தவள், கழகத்தின் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கியவள். எனக்கென்ன குறை?

அன்று நான் கொண்டுபோனது பார்த்தல் அட்டவணை. 1965ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் பயன்பட்டு வருவது. உண்ணுதல், குளித்தல், உடுத்துதல், மலம், சிறுநீர், கழிவறை, இடம் மாறுதல், நடை, படி ஏறுதல் முதலிய பத்து அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் புள்ளி. அதை ஆங்கிலத்தில் தூக்கத்திலும் சொல்வேன். பாட்டியின் முன் உட்கார்ந்து வாயைத் திறந்ததும் என்ன வந்தது தெரியுமா? “பாட்டி, கழிவறையைப் பயன்படுத்துவதில் தங்களுக்குச் சிரமம் ஏதும் உண்டா?” பாட்டி என்னை வானொலிப் பெட்டியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மலம், சிறுநீர் பற்றிக் கேட்க வேண்டிய இடத்தில் எனக்கு இரண்டே வகைச் சொற்கள் தெரிந்திருந்தன. ஒன்று பாடநூல் சொல். மற்றொன்று சிறுவயதில் வாயில் வந்தால் அம்மா உதட்டில் அடிக்கும் சொல். ஒரு பெரியவரிடம் மரியாதையாகக் கேட்கும் இடைப்பட்ட சொல்லை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. பக்கத்துக் கட்டில் அம்மாதான், “வெளிக்குப் போறது, ஒண்ணுக்குப் போறதெல்லாம் தெரியுதான்னு கேக்குது பாட்டி” என்று எடுத்துக்கொடுத்தார்.

அதைவிடப் பெரிய பிழை பின்னால் நடந்தது. பாட்டி எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொன்னார். “சாப்பிட முடியுதா பாட்டி?” “முடியும்மா.” “எழுந்து உட்கார முடியுதா?” “முடியும்மா.” “குளிக்க?” “அதெல்லாம் முடியும்மா, நீ எதுக்குக் கண்ணு செரமப்படற.” நான் மகிழ்ச்சியோடு புள்ளிகளைப் போட்டேன். மறுநாள் காலை என் மேற்பார்வையாளர் அட்டவணையைப் பார்த்தார். மலாய்ப் பெண்மணி, அதிகம் பேசாதவர். எதுவும் சொல்லாமல் பாட்டியின் கட்டிலுக்கு வந்தார். மேசையின் இடப்பக்கத்தில் ஒரு குவளையை வைத்துவிட்டு எடுக்கச் சொல்லிச் சைகை காட்டினார். பாட்டிக்கு அந்தக் குவளையே தெரியவில்லை. மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் இடப்பக்கம் ஒன்று இருப்பதையே அவர் கவனிக்கவில்லை. தட்டில் பாதிச் சோறு மட்டும் குறைவதை நானும் முந்தின நாள் மதியம் பார்த்திருந்தேன். பாட்டிக்குப் பசியில்லை என்று நினைத்துவிட்டேன். மேற்பார்வையாளர் என் புள்ளிகளில் ஆறை அடித்துத் திருத்தினார். அந்தத் தாளை வைத்துத்தான் பாட்டியை வீட்டுக்கு அனுப்புவதா, யார் துணைக்கு இருப்பது என்றெல்லாம் முடிவு செய்வார்கள். மகன் லாரியில் வேலை, மருமகள் தொழிற்சாலையில். என் தாளை நம்பியிருந்தால் பாட்டி பகல் முழுக்க ஒரு தரைவீட்டில் தனியாக இருந்திருப்பார், அடுப்போடும் ஈரக் குளியலறையோடும்.

தோழர்களே, நான் எண்ணிப் பார்த்து வருந்துவது மொழியை மட்டும் குறித்தல்ல. ‘முடியும்மா’ என்பது நம் பெரியவர்களிடம் ஒரு பதிலே கிடையாது. ‘உனக்குத் தொந்தரவு தர விரும்பவில்லை’ என்பது அதன் பொருள். அதை என் சொந்தப் பாட்டியிடம் ஆயிரம் முறை கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால் வெள்ளைச் சட்டை போட்டதும் அதை மறந்துவிட்டேன். ஏனெனில் நான் பழகிய பாவனை நோயாளிகள் யாரும் எதையும் மறைத்ததில்லை. வெட்கப்பட்டதில்லை. நம்மைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றப் பொய் சொன்னதில்லை. நல்ல பாவனைப் பயிற்சியில் நோயாளியாக நடிப்பவருக்கு எதைச் சொல்வது என்பதோடு, எதை எதுவரைக்கும் சொல்லாமல் இருப்பது என்பதையும் கற்பிப்பார்கள். மாணவர் சரியாகக் கேட்டால்தான், அல்லது கேட்பதை நிறுத்திவிட்டுச் செய்துகாட்டச் சொன்னால்தான், உண்மை வெளிவரும்.

இலட்சக்கணக்கில் செலவழித்து மூச்சுவிடும் பொம்மைகளை வாங்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. தாதியர்க்கும் மருத்துவர்க்கும் அவை உதவும், நான் குறைகூறவில்லை. பொம்மைக்கு நாடித்துடிப்பு உண்டு, வெட்கம் கிடையாது. எங்கள் துறைக்கு மனிதர்கள்தாம் தேவை. 2020ஆம் ஆண்டு மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து களப்பயிற்சிகள் தடைப்பட்டபோது, மாணவர்கள் கணினித் திரையிலேயே நோயாளிகளைப் பார்த்துப் பயின்றார்கள். பின்னர் எங்கள் பிரிவுக்கு வந்த அவர்களில் சிலரைக் கவனித்தேன். கேள்விகளுக்கு அழகாகப் பதில் சொன்னார்கள். ஆனால் கட்டிலிலிருந்து ஓர் அடி தள்ளியே நின்றார்கள். ஒருவரைத் தொட்டுத் தூக்கி உட்காரவைக்கும்போது அவருடைய கைலி நழுவாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது திரையில் வராது.

இன்னொரு சம்பவத்தையும் சொல்லியாக வேண்டும். வலக்கை செயலிழந்த ஓர் அம்மா. பாடநூல் என்ன சொல்கிறது? இடக்கைக்குப் பழக்கு, தடித்த பிடியுள்ள கரண்டி கொடு, தட்டு நழுவாமல் விரிப்பு போடு. எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் கரண்டியைத் தொடக்கூட இல்லை. “பீச்சாங்கையால சோறு தின்னச் சொல்றியா?” என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள் ஊட்டினால் உண்பார், இல்லாவிட்டால் பட்டினி. ஒரு வாரம் இப்படியே போயிற்று. பிறகு, செயலிழந்த வலக்கையை இடக்கையால் தாங்கிப் பிடித்து முதல் வாய்ச் சோற்றை மட்டும் வலக்கையால் வாய்க்குக் கொண்டுபோவது, மீதியைக் கரண்டியால் உண்பது என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். வலக்கைக்கும் அது நல்ல பயிற்சியாக அமைந்தது. இந்த வழி எந்தத் தாளிலும் இல்லை. அந்த ஒரு வாரத்தை அந்த அம்மாவின் செலவில் நான் கற்றேன் என்பதுதான் உறுத்துகிறது. ஆய்வுக்கூடத்தில் ஒரு பாவனை அம்மா என்னிடம் அப்படி முகத்தைத் திருப்பியிருந்தால், ஒரு பிற்பகலிலேயே கற்றிருப்பேன்.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. கால் இழப்பும் பக்கவாதமும் இனிப்பு நீரைத் தொடர்ந்து வருபவை. நம் மக்கள்தொகையைவிடப் பெரிய பங்கு அந்த மருத்துவமனை வார்டுகளில் நமக்கு உண்டு. அவர்களிடம் போகும் மாணவர் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருக்கலாம். அவருக்கும் ‘முடியும்மா’ என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். ஆகவே இது தமிழ் மாணவர்களுக்கு மட்டும் உரிய பயிற்சி என்று யாரும் எண்ண வேண்டாம்.

சரி, தமிழ் பேசும் பாவனை நோயாளிக்கு எங்கே போவது? நம் கழகத்திற்குத்தான். ஆண்டுதோறும் கலைவிழாவில் மேடை அதிர நடிக்கிறோமே, அந்த நடிகர்கள் எங்கே போனார்கள்? சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, விரிவுரையாளர் ஒருவரின் அனுமதியோடு, கழகத் தம்பி தங்கைகள் மூவரை ஆய்வுக்கூடத்திற்கு அழைத்துச் சென்றேன். முதல் அரைமணி நேரம் பெருங்கூத்து. பக்கவாத நோயாளியாக நடித்த தம்பி பழைய படங்களில் வரும் தந்தையைப்போல் உடம்பெல்லாம் நடுங்கி, வாயைக் கோணி, கண்ணீரும் விட்டார். “தம்பி, கைத்தட்டல் வராது, கொஞ்சம் குறைச்சுக்கோ” என்று சொல்ல வேண்டியதாயிற்று.

இரண்டாவதாக வந்தவர் கணக்கியல் மாணவர். அவர் தம் தாத்தாவையே நடித்தார். அதிகம் அசையவில்லை. சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிகிச்சை மாணவி, “தாத்தா, நீங்க மறுபடி என்ன செய்யணும்னு ஆசைப்படுறீங்க?” என்று கேட்டார். “ஒண்ணும் வேணாம்மா.” மறுபடி கேட்டார். “எனக்கென்னம்மா, வயசாயிருச்சி.” அந்த மாணவிக்கு அடுத்த கேள்வி தெரியவில்லை. தாளைப் புரட்டினார், தலையணையைச் சரிசெய்தார், இரண்டு நிமிடம் சும்மா நின்றார். பின்னர் கலந்துரையாடலில் அந்தத் தம்பி சொன்னார்: “என் தாத்தாகிட்ட அப்படிக் கேட்டா சொல்லமாட்டாரு. காலையில எத்தன மணிக்கு எந்திரிப்பீங்கன்னு கேட்டா, கோயில் பூச்செடிக்குத் தண்ணி ஊத்துற கதையெல்லாம் சொல்லுவாரு.” நடிப்பு நடந்தது பதினைந்து நிமிடம். அதைப் பற்றிப் பேசியது ஒன்றரை மணி நேரம். பாவனைப் பயிற்சியில் கற்றல் பெரும்பாலும் அந்தப் பேச்சில்தான் நிகழ்கிறது. நேரமில்லை என்று அதை வெட்டிவிடும் துறைகள் பாதி வேலையைத்தான் செய்கின்றன.

குறைகளும் இருந்தன. இருபது வயதுத் தம்பி எவ்வளவு நடித்தாலும் எழுபது வயது உடம்பின் கனம் வராது. ஆகவே மூத்த உறுப்பினர்களையும் அவர்தம் பெற்றோரையும் அழைக்க வேண்டும். உண்மையாகவே பக்கவாதத்திலிருந்து மீண்டவர்கள் வந்து, ஊதியம் பெற்று, மாணவர்க்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஊதியம் என்பதை வேண்டுமென்றே எழுதுகிறேன். சேவை என்று சொல்லி வயதானவர்களை அலைக்கழிப்பது நம்மிடையே மிகுதி.

தாள்களும் வேண்டும். ஒரு கையால் சேலைக் கொசுவம் வைக்க முயல்பவர், காலை எடுத்தபின் சம்மணமிட்டுப் பூசையில் உட்கார வேண்டும் என்பவர், தேங்காய்ப்பால் பிழிய முடியாமல் மகளிடம் எரிந்துவிழுபவர், இப்படி இருபது பேர் இருந்தால் போதும். தமிழில் எழுதி, மலாயிலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்துத் துறைகளுக்குக் கொடுக்கலாம். அந்த ராஜுவை நீக்கச் சொல்ல மாட்டேன், குடிப்பவரும் நோயாளிதானே. அவருக்குப் பக்கத்துக் கட்டில்களில் ஆள் சேர்க்க வேண்டும் என்கிறேன். கழகத்தின் எழுத்துப் பட்டறையில் சிறுகதை எழுதும் தம்பி தங்கைகளுக்கு இது கடினமான வேலையன்று. கழகச் செயலவையிடம் என் தொலைபேசி எண் இருக்கிறது.

முதல் தாளை நான் எழுதிவிட்டேன். பாட்டிக்கு வயது 71. இடப்பக்கம் பக்கவாதம், இடப்பக்கத்துப் பொருள் கண்ணில் படாது. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். நடிப்பவருக்கான குறிப்பு: என்ன கேட்டாலும் ‘முடியும்மா’ என்று சொல்லவும். குவளையை இடப்பக்கம் வைத்துவிட்டு எடுக்கச் சொன்னால் மட்டும், வலப்பக்கம் தேடவும்.